நாளை நில்லாதது

வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் அரசங்கன்று முளைத்த சுவர்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். பறவையின் எச்சத்தில் ஒரு விதை, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்த்துக் கட்டிய சுவரில் ஒரு விரிசல், ஒரு மழை. அவ்வளவே போதும். இரண்டு இலை விட்ட நிலையில் விரலாலேயே பிடுங்கிவிடலாம். ஆனால், 'துர்கா பூஜை கழியட்டும்', 'பங்காளிகள் ஒன்றுகூடட்டும்' என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இடையில் சிலர் தண்டை வெட்டிவிட்டு, விரிசலின்மேல் சிமெண்ட் பூசுகிறார்கள். கன்று மீண்டும் தழைக்கிறது. உள்ளே அடைபட்ட ஈரமோ சுண்ணாம்பை நலியச் செய்கிறது. முடிவில் கொத்தனார் செங்கற்களைப் பெயர்த்து, வேரை முழுவதும் களைந்து, மீண்டும் சுண்ணாம்பிலேயே கட்ட வேண்டியிருக்கிறது. செலவு மிகுதிதான், எனினும் வீடு நிற்கும். சுவாமி விவேகானந்தர் அவதரித்த இல்லமே நெடுங்காலம் சிதைந்து கிடந்து, புதுப்பிக்கப்பெற்று 2004-இல்தான் திறக்கப்பட்டது.

கீதையின் 15-ஆம் அத்தியாயம் சம்சாரத்தை அசுவத்தம், அதாவது அரசமரம், என்கிறது. வடமொழியில் 'சுவ:' என்றால் நாளை. நாளைவரைகூட நில்லாதது என்பதே அப்பெயரின் பொருள் என விளக்குகிறார் ஆதிசங்கரர். விந்தையைப் பாருங்கள்: நாளை நில்லாத ஒன்றை, 'நாளை, நாளை' என்று சொல்லியே நாம் வளர்த்து வருகிறோம்! ஆழ வேரூன்றிய அம்மரத்தைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டச் சொல்கிறார் பகவான். ஏகாதசி உபவாசம் கிளையை வெட்டக்கூடும். துவாதசிக் காலையில் வீட்டாரிடம் சீறுகிறோமே, அந்தக் கோபம் எந்த விரிசலிலிருந்து தழைக்கிறது?