நல்லெண்ணமும் ளமானும்

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், 2020-ஆம் ஆண்டுக் கொரோனா நாட்களில், உடல் வலிமைக்கு என்ன உட்கொள்ளலாம் என்று நம்மிடம் வினவினார். சீந்தில் பொடியை வெந்நீரில் கலந்து இருவேளையும் பருகச் சொன்னோம். பாட்டனார் காலந்தொட்டு நம் வீட்டில் வழங்கும் கொடிதானே! மூன்று திங்கள் சென்றபின் அவருடைய கண்கள் மஞ்சளாயின. ஏனைய காரணங்களைச் சோதித்து விலக்கிய மருத்துவர், ஈரலைக் கெடுத்தது பொடியே எனக் கருதி அதனை நிறுத்தச் சொன்னார். பல வாரங்கள் கழித்தே தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

நல்லெண்ணத்தோடுதானே சொன்னோம் என்று நம் மனம் உடனே வக்கீலாகிவிட்டது. நிய்யத்தைப் பற்றிய நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்க்கு முதற்பாடமாக நடத்துகிறவர்களுக்கு, அதையே கேடயமாகத் தூக்கிக்கொள்ள எத்தனை நேரமாகும்? ஆயின் அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் வேறொரு நபிமொழி உண்டு. மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே ளாமின், அதாவது பொறுப்பாளி என்பது அதன் கருத்து. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆதி’ல் இதனை விரித்துரைத்துள்ளார்கள். நிய்யத் மறுமைக் கூலியைச் சார்ந்தது. ளமானோ பிறருக்கு நேர்ந்த இழப்பைச் சார்ந்தது. தூக்கத்தில் புரண்டு அயலார் குடத்தை உடைத்தவருக்குப் பாவமில்லை. குடத்தின் விலை அவர்மீது உண்டு.

மும்பையில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் உட்கொண்ட 6 பேருக்கு ஈரல் கெட்டதை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். மறு ஆண்டு, நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் வரலாறு வெளிவந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் அம்மூலிகை, சிலரிடம் அவ்வாற்றலை ஈரலின் மீதே ஏவிவிடுகிறது என்பது அவர்கள் கணிப்பு. ஆயுஷ் அமைச்சகம் இதனை மறுத்தது. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. இவ்வழக்கைத் தீர்க்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் அமைச்சகத்தின் வாதம் நம்மைக் காக்கவில்லை. நமக்கு எதிராகவே நிற்கிறது. அரைத்துப் புட்டியில் அடைத்தபின் அது எந்தக் கொடி என்று கண்டவர் யார்? நாம் கண்டோமா?

நாட்டு மருந்தை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, வேறென்ன நோய், வேறென்ன மருந்து என்று கேட்டுத் தருவது ஒன்று. தொழுகை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே நாம் சொன்னது மற்றொன்று.

மருத்துவச் செலவை ஓர் உறையிலிட்டு அவர் தங்கியிருந்த அறைக்குச் சென்றோம். வாங்க மறுத்துவிட்டார். “ஹஜ்ரத், வேண்டுமென்றா சொன்னீர்கள்?” என்றார். உரியவர் மன்னித்தால் ளமான் நீங்கும் என்பது சட்டம். அவர் மன்னித்தது தம் உரிமையை அறிந்தா, நம் தாடிக்கு மரியாதை வைத்தா என்று தெரியாமலே உறையைத் திரும்பக் கொண்டுவந்தோம்.