நாற்பது நிமிட டாக்டர்

“நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.” தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, அப்புறம் ஒரு தடுமாற்றம். சற்று முன் கேட்ட மூன்று சொற்களைத் திரும்பச் சொல்ல வேண்டும். சமையல் உண்டா? தனியாகக் கடைக்குப் போவீர்களா? எதிரே இருக்கும் மனநல மருத்துவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். அவர் மருந்து எழுத மாட்டார். மறுபடி வரச் சொல்லவும் மாட்டார்.

அமெரிக்காவில் மனநோயால் வேலை செய்ய முடியவில்லை என்று உதவித்தொகை கேட்பவரிடம் போதிய மருத்துவ ஆவணம் இல்லாவிட்டால், சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் அவரை இப்படியொரு பரிசோதனைக்கு அனுப்புகிறது. செலவு அரசுடையது. முழு மனநலப் பரிசோதனைக்கு விதிப்படி குறைந்தது 40 நிமிடம் ஒதுக்க வேண்டும். டாக்டருக்கு அது சிகிச்சைப் பொறுப்பு இல்லாத வருமானம். நள்ளிரவில் போன் வராது.

இதில் அறம் எங்கே இடறுகிறது? காசு வாங்குவதில் அல்ல. வைத்தியம் பார்ப்பவரும் காசு வாங்கத்தான் செய்கிறார். ஆனால் இங்கே காசு கொடுப்பவர் ஒருவர், மனசைத் திறந்து காட்டுபவர் இன்னொருவர். 1971இல் ரிச்சர்ட்சன் எதிர் பெராலஸ் வழக்கில் இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அது முதுகுவலி வழக்குதான். அரசிடம் கட்டணம் வாங்கும் மருத்துவர்களுக்குச் சாய்வு இருப்பதாகக் கருத முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி டக்ளஸ் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார்.

ஹார்வர்டில் சட்டத்தையும் மனநல மருத்துவத்தையும் கற்பித்த ஆலன் ஸ்டோன் இரண்டு ஆபத்துகளைக் காட்டினார். நோயாளிக்கு உதவப் போய் நீதியை வளைக்கலாம். நீதிக்கு உதவப் போய் நோயாளியை ஏமாற்றலாம். மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாம் 1997இல் பதில் தந்தார். சட்டத்துக்காக ஒருவரைச் சோதிக்கும் மனநல மருத்துவருக்கு நன்மை செய்வது முதல் கடமை அல்ல. உண்மை பேசுவதும் மனிதரை மதிப்பதுமே கடமை. ஆகவே, ‘நான் உங்கள் டாக்டர் இல்லை’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாதம் கச்சிதம். ஆனால் “தூக்கம் எப்படி?” என்று ஒருவர் பரிவோடு கேட்டுவிட்டால், அந்த எச்சரிக்கை பத்து நிமிடத்துக்கு மேல் யார் நினைவில் நிற்கும்?

கென்டக்கி வழக்கறிஞர் எரிக் கானின் உதவித்தொகை மோசடியைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவருடைய அலுவலகமே நிரப்பிக் கொடுத்த படிவங்களில் ஓர் உளவியலாளர் கையெழுத்துப் போட்டார். அந்த உளவியலாளர் 2017இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பச்சைத் திருட்டு. அதில் தத்துவச் சிக்கல் ஏதுமில்லை.

உண்மையான சிக்கல் 1980களின் தொடக்கத்தில் இருக்கிறது. மனநோயாளியின் நிலை அரசுப் பட்டியலில் உள்ள கடுமையை எட்டாவிட்டால், அவரால் ஏதாவது எளிய வேலை செய்ய முடியும் என்று முன்கூட்டியே கருதிவிடும் வழக்கம் நிர்வாகத்துக்குள் ரகசியமாக இருந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்கச் சொன்னது சட்டம், அது நடக்கவில்லை. நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றது. இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அலுவலகம் எதிர்பார்த்த விடைக்கு மருத்துவ மதிப்பீடு பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

வள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலில் வைத்தார். கண்ணோட்டம் எனும் இரக்கத்தையோ பொருட்பாலில், அரசனுக்குரிய குணங்களோடு வைத்தார். இந்த விஷயத்துக்கு அந்தப் பிரிவினை நன்றாகவே பொருந்துகிறது. கூலி வாங்கும் டாக்டரிடம் நேர்மையான அறிக்கையைக் கேட்கலாம். இரக்கம் காட்ட வேண்டியது அரசு. அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, ‘டாக்டரே சொல்லிவிட்டார்’ என்று அரசு கைகழுவக் கூடாது.

நடப்பது வேறு. 2017 மார்ச் 27 முதல் வந்த விண்ணப்பங்களில், தொடர்ந்து சிகிச்சை தருபவரின் கருத்துக்கு முன்பிருந்த தனி எடை போய்விட்டது. அவர் நோயாளி பக்கம் சாய்வார் என்ற சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் இருதுருவக் கோளாறு உள்ளவர் செவ்வாய்க்கிழமை தெளிவாகப் பேசுவார், வெள்ளிக்கிழமை படுக்கையை விட்டு எழ மாட்டார். செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்தவரின் அறிக்கையையும், ஆண்டுக்கணக்கில் பார்த்தவரின் கடிதத்தையும் சமமாக எடைபோடத் தொடங்கும் விதி தவறானது. அதைத் திரும்பப் பெற வேண்டும்.