முத்திரை உடைத்தலின் அறம்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்னும் செய்தி, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூரான புள்ளலூரின் மண்ணிலிருந்து கிடைத்ததன்று. காரைக்காலுக்கு அருகிலுள்ள காசாக்குடியில் 1879ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, இரண்டாம் நந்திவர்மன் காலத்துச் செப்பேடுகளிலிருந்து கிடைத்தது. பகைவர் இன்னார் என்று அந்தச் செப்பேடு பெயர் சொல்லவில்லை. ஐகொளெக் கல்வெட்டோடு ஒப்பிட்டே சாளுக்கிய இரண்டாம் புலிகேசியின் படையை வரலாற்றாசிரியர்கள் அங்கே காண்கின்றனர். 1780இல் ஐதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த போரால் இன்று பெரிதும் அறியப்படும் அவ்வூருக்கு, அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு போர் உண்டு என்பதை உலகம் இவ்வாறுதான் அறிந்தது. செப்பேடு என்பது எழுத்துப் பொறித்த செம்புத் தகடுகளைத் துளையிட்டு வளையமொன்றில் கோத்து, வளையத்தின் முனைகள் கூடுமிடத்தில் அரச முத்திரையைப் பொருத்திய ஆவணமாகும். முத்திரை குலையாதிருப்பதே, இடையில் எவரும் ஏட்டைச் சேர்க்கவோ உருவவோ இல்லை என்பதற்குச் சான்று. ஆயினும் ஏடுகளைப் பிரித்து ஒவ்வொன்றாய் மைப்படி எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் வளையத்தை அறுத்தாக வேண்டும். காப்புக்காக இடப்பட்ட பூட்டே அறிவுக்குத் தடையாகும் இந்நிலையில், பூட்டைப் போற்றுவதா உள்ளிருப்பதைப் போற்றுவதா என்பது பண்டையோர் ஆவணங்களோடு முடிந்துவிட்ட வினா அன்று.

அதே வினா இன்று எதிர்பாராத இடத்தில் எழுந்துள்ளது. 1980களிலும் 1990களிலும் விற்பனைக்கு வந்து, ஆலையில் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழியாமலே எஞ்சிவிட்ட வீடியோ கேம் கேசட்டுகள் இப்போது அரும்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. பெட்டியின் முனைகள் மழுங்காமை, உறையின் இறுக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தரும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலமொன்றில் உறை பிரியாத 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கும், அடுத்த சில நாட்களில் அதே ஏலத்தில் 'சூப்பர் மாரியோ 64' 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கும் விலைபோயின. வாங்கியவர்கள் அவற்றை ஆடிப் பார்க்க இயலாது. ஆடத் தொடங்கும் கணத்தில் விலையின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், ஆடப்படாதிருப்பதாலேயே மதிப்புப் பெறுகிறது என்பது வணிகச் செய்தியாக மட்டும் கடந்துபோகத் தக்கதன்று. ஒரு பொருளின் தன்மை எதில் இருக்கிறது என்னும் தத்துவக் கேள்வி அதனுள் இருக்கிறது.

மூடி வைத்தல் எல்லாம் ஒரே வகையினதன்று என்பதைத் தமிழகக் கோயில் மரபு தெளிவாக அறிந்திருக்கிறது. கோயில் எழுப்பும்போது, அறைகள் பகுத்த பேழையில் உலோகங்கள், மணிகள், தானியங்கள், பல்வேறிடத்து மண் ஆகியவற்றை இட்டுக் கட்டடத்தின் அடியில் புதைக்கும் சடங்கு கர்ப்பநியாசம் எனப்படும்; மயமதம் முதலிய சிற்பநூல்கள் இதை விரித்துரைக்கின்றன. கோயில் என்னும் உடலுக்கு அது கரு; காணப்படுவதற்காக வைக்கப்பட்டதன்று; அங்கே இருப்பதே அதன் செயல். ஆபத்துக்காலத்தில் ஒளித்துவைத்த செல்வமோ வேறு வகை. ஒளித்தவர் திரும்பி வந்து எடுப்பார் என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருக்கிறது. 2020 டிசம்பரில் உத்திரமேரூர்க் குழம்பேசுவரர் கோயிலைத் திருப்பணிக்காகப் பிரித்தபோது, கருவறை முன்னிருந்த கற்களுக்கு அடியிலிருந்து அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொன் வெளிப்பட்டது. திருப்பணி முடிந்ததும் அதை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று ஊரார் கேட்டனர்; வருவாய்த் துறையினர் அதைக் கைப்பற்றிக் கருவூலத்தில் சேர்த்தனர். நிலத்தில் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட எப்பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கருவையும் புதையலையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஊராரின் கோரிக்கையில் பேராசை இல்லை. வைக்கப்பட்டது வைத்த நோக்கத்தோடு இருக்கட்டும் என்னும் அறவுணர்வே இருந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வகையொன்றைக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் காட்டுகிறது. அத்தி மரத்தாலான மூல வடிவம் அனந்தசரசு குளத்தின் நீராழி மண்டபத்தின் அடியில் நீருக்குள் கிடக்க, 1979இலும் பின்னர் 2019இலும் என நாற்பது ஆண்டு இடைவெளியில் அது வெளியே எழுந்தருளச் செய்யப்பட்டது. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள், முதலில் கிடந்த கோலத்திலும் ஆகஸ்டு முதல் நின்ற கோலத்திலும் அது காட்சி தந்தது. காட்சியை நீட்டிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தும், குறித்த நாளில் வடிவம் குளத்துக்குத் திரும்பியது. படையெடுப்புக் காலத்தில் அது நீருக்குள் மறைக்கப்பட்டதாகவும், நாள்வழிபாட்டுக்கெனப் பழையசீவரத்திலிருந்து கல்வடிவம் கொண்டுவரப்பட்டதாகவும் மரபு கூறும். இதில் கருதத்தக்கது கடைசிச் செய்தியே: அத்தி வரதர் நீருக்குள் இருக்கும் நாற்பது ஆண்டுகளில் வழிபாடு ஒருநாளும் நின்றதில்லை. திறக்கும் காலம் ஊருக்கெல்லாம் தெரியும்; திறக்கும் கடமை ஒரு சமுதாயத்தின் கையில் இருக்கிறது; மூடியிருக்கும் வடிவத்துக்குரிய வாழ்வு மேலே கருவறையில் நடந்துகொண்டே இருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்ததால் அந்த மூடல் இழப்பாகவில்லை.

மறைத்தலின் பொருளைச் சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாக ஆராய்ந்துள்ளது. இறைவனின் ஐந்தொழில்களாகிய படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பவற்றுள் நான்காவது திரோபவம் எனப்படும். உயிரைப் பற்றிய ஆணவ மலம் பக்குவம் அடையும்வரை இறைவன் தன்னை ஒளித்துநின்று உயிருக்கு உலக அனுபவத்தை ஊட்டுவதே அது. அத்தொழிலைச் செய்யும் திரோதான சத்தியே, பக்குவம் வந்ததும் அருட்சத்தியாக வெளிப்படும் என்பர். ஆகவே மறைப்பு தன்னளவில் நிறைவு பெறுவதில்லை. அருளலுக்கு முன்னிலையாக இருக்கும்வரையே அது அருளின் கூறு. வெளிப்படுதலை நோக்காத மறைப்புக்கு இந்தத் தத்துவத்தில் இடமில்லை.

அத்தகைய மறைப்பு என்ன செய்யும் என்பதைத் திருமுறைகண்ட புராணம் துயரத்தோடு சொல்கிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் காப்பிடப்பட்டுக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்று தில்லைவாழ் அந்தணர் கூற, முதலாம் இராசராசன் எனப் பலரும் கருதும் சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது ஒரு பகுதியே எஞ்சியிருந்தது. இக்காலத்துக்கு வேண்டியவை மட்டும் எஞ்சின என்று அசரீரி எழுந்ததாகப் புராணம் ஆறுதல் கூறினாலும், அழிந்தவற்றுக்கு வேறு படி இல்லை என்பதே மனத்தில் நிற்கிறது. பின் நிகழ்ந்தது அதனினும் முக்கியமானது. எஞ்சிய ஏட்டில் சொல் இருந்ததே தவிரப் பண் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் வழியாகவே பண்முறை வகுக்கப்பட்டது. சொல்லைப் பூட்டிய அறையால் காக்க முடியாததை, நாள்தோறும் பாடிய ஒரு குடும்பத்தின் குரல் காத்திருந்தது.

வீடியோ கேமும் இசையைப் போலவே நிகழ்த்தப்படும்போது மட்டும் இருப்பது. உறைக்குள் இருப்பது அதன் ஏடு. ஆடுபவரின் கையும் கண்ணும் கூடும்போதே அது விளையாட்டாகிறது. ஏடும் அழியாததன்று: 'செல்டா' கேசட்டுக்குள் ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் சிறு பேட்டரி உண்டு, உறை பிரியாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேயிருக்கும். தமிழ்நாட்டில் 1990களில் டிவி கேம் ஆடிய பிள்ளைகளின் கைக்கு வந்தவை பெரும்பாலும் உறையும் முத்திரையும் இல்லாத, ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் அடைத்த நகல்களே. அவை தேய்ந்து போனது ஆடப்பட்டதால்தான் என்பதில் வருந்த ஏதுமில்லை.

எனினும் உறை பிரியாத பெட்டி எல்லாவற்றையும் கிழித்தெறிய வேண்டும் என்பது இதன் முடிபாகாது. ஒரு பொருள் எவ்வாறு விற்கப்பட்டது, எவ்வாறு அடுக்கப்பட்டது என்பதற்கு உறையும் விலைச்சீட்டும் சான்றுகள். அவற்றை அப்படியே காப்பதும் வரலாற்றுப் பணியே. ஆட்டத்தின் நிரல் முன்பே படியெடுக்கப்பட்டு, பிரிந்த கேசட்டுகள் பல இடங்களில் ஆடப்பட்டுவந்தால், பிரியாத ஒன்று பொதுநிறுவனமொன்றில் மூடியே இருக்கலாம். காஞ்சிபுரத்தில் கல்வரதருக்கு வழிபாடு நடப்பதால் அத்தி வரதர் நீருக்குள் இருக்கலாம் என்பதற்கு ஒத்த நிலை அது. ஆனால் எங்கும் படியெடுக்கப்படாத ஆட்டமோ, பிறவற்றில் காணாத மாற்றம் உடைய பதிப்போ ஒரே ஒரு பெட்டியில் மட்டும் இருக்குமானால், அதை விலைக்காக மூடிவைத்திருப்பவர் தில்லை அறையின் பூட்டைக் கையில் வைத்திருப்பவராவார். அவர் திறக்கக் கடமைப்பட்டவர். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று கடைவழி கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் காட்டியபின், இக்கடமை கற்பனையானது என்று எவரும் கூற இயலாது.

திறப்பதற்கும் காலவரம்பு உண்டு. ஒளித்துப்பாக்கியைத் தொலைக்காட்சித் திரைமுன் நீட்டி ஆடும் 'டக் ஹன்ட்' போன்ற ஆட்டங்கள் படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே இலக்கை உணரும். தட்டைத் திரையில் அவை செயல்படா. படக்குழாய்ப் பெட்டிகளோ பழுதுபார்ப்பார் இன்றிப் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. அவ்வாட்டத்தைச் சிறுவயதில் ஆடிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்க, அக்கருவிகள் சில இன்னும் இயங்க, படியெடுக்கப்படாத பெட்டிகள் திறக்கப்பட வேண்டும். நாற்பது ஆண்டு காத்திருக்க மரத்துக்கு இயலும், ஆட்டத்துக்கு இயலாது.