முதுமையின் பங்கு

சேமிப்பை அறிவுடைமையின் அடையாளம் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். கட்டுரைப் போட்டிகளில் தவறாது இடம்பெறும் தலைப்பு அது. மாணவர் எறும்பையும் தேனீயையும் சான்று காட்டி எழுதுவர். ஆசிரியரும் மதிப்பெண் இடுவர். ஆயினும், சேமியாதவன் செய்வது வெறும் அறியாமையா, அன்றி யாருக்கேனும் இழைக்கும் தீங்கா என்னும் வினாவை அக்கட்டுரைகள் எழுப்பக் காணோம். தன் பணத்தைத் தான் செலவிடுகிறான், இதில் பிறர்க்கு என்ன இழப்பு என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர்.

இழப்புக்கு உள்ளாகும் ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வயது இளைஞன் அறுபத்தைந்தை எட்டும்போது இருக்கப்போகும் முதியவரே அவர். அவருடைய முகம் வேறு, வலிமை வேறு, விருப்பங்களும் வேறு. டெரிக் பார்ஃபிட் என்னும் ஆங்கில மெய்யியலார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நெடுந்தொலைவிலுள்ள நம் எதிர்காலத்தை ஏறத்தாழ இன்னொரு மனிதராகவே எண்ணலாம் என்றும், அவரைப் புறக்கணித்தல் மடமை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகலாம் என்றும் வாதிட்டார். அவர் முற்றிலும் வேறொருவர் என்பதை நான் ஏற்கவில்லை. இவன் தேடிய கடனும் நோயும் நேரே அவரைத்தானே போய்ச் சேர்கின்றன? ஆனால், இன்றைய ஊதியம் பங்கிடப்படும் இடத்தில் அம்முதியவர் இல்லை. எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்க அவருக்கு வாயில்லை.

அவர் சார்பில் பேசுவதற்கே சட்டம் வந்தது எனலாம். மலாயாவில் 1951இல் ஊழியர் சேமநிதியும் சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதியும் தோன்றின. மலேசியாவில் இன்று அறுபது வயதுக்கு உட்பட்ட தொழிலாளியின் ஊதியத்தில் 11 விழுக்காடு கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுகிறது. முதலாளி 12 அல்லது 13 விழுக்காடு சேர்க்கிறார். ‘என் பணத்தை என் விருப்பமின்றிப் பிடிப்பது முறையா?’ என்று சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர் உண்டு. கேட்பவர் இளைஞர். விடை சொல்ல வேண்டிய முதியவர் இன்னும் வரவில்லை.

காலம் முதியவருக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி என்று கொள்வோம். மாதம் 100 ரிங்கிட் வீதம் முப்பது ஆண்டுகள் இடுபவர் போட்டது 36,000. அவர் கையில் நிற்பது ஏறத்தாழ 83,000. பத்தாண்டு பிந்தித் தொடங்குபவர் போட்டது 24,000. நிற்பது 41,000 அளவே. இட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கே குறைந்தது, பயனோ பாதியாகிவிட்டது. வட்டிக்கு வட்டி செய்யும் வேலை இது. கடனட்டையில் ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை ஏறும் வட்டியும் இதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. உண்டியலில் உறங்கும் பணமும் காப்புடையதன்று. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் இருபத்துநான்கு ஆண்டுகளில் அதன் மதிப்பு பாதியாகும்.

இவற்றை அறிந்தவரும் சேமிக்க இயலாத நிலை உண்டு. 2020 முதல் 2022 வரை, பெருந்தொற்றுக் காலத்தில், சேமநிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுக்க மலேசிய அரசு நான்கு முறை வழிவிட்டது. கோடிக்கணக்கில் பணம் வெளியேறியது. பலருடைய கணக்கில் பெயரளவுக்கே தொகை மிஞ்சியது. அவர்களை ஊதாரிகள் என்று பேசியோரை நான் அறிவேன். அது கொடுஞ்சொல். பசித்த பிள்ளை கண்முன் நிற்க, காணாத் தொலைவிலுள்ள முதியவருக்கென்று பணத்தைப் பூட்டி வைப்பது அறம் ஆகாது. பஞ்சம் நீங்கிய பின்னும் புதிய கைப்பேசிக்காக அதே பூட்டைத் திறப்பவர் கதை வேறு. 2024 மே முதல் ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோரின் புதிய சந்தா மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: 75 விழுக்காடு ஓய்வுக் காலத்திற்கு, 15 விழுக்காடு வீடு, கல்வி போன்ற தேவைகளுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமாயினும் எடுப்பதற்கு. இளையவரும் முதியவரும் அமர்ந்து பேசி முடித்த பாகப்பிரிவினை போலவே இது தோன்றுகிறது.

வறுமையிலும் சேமிப்பு நிகழ்ந்தது என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நிலைகுலைந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டின. அப்பணம் தோட்டங்களை வாங்கியது. தனியொருவரின் பத்து வெள்ளி நிலமாக ஆகியிராது.

ஆயினும் நம் குடும்பங்களில் முதியவருக்கான சேமநிதி பெரும்பாலும் வங்கியில் இருந்ததில்லை, பிள்ளைகளாகவே இருந்தது. ‘என் மகன் இருக்கிறான்’ என்றே முதுமையை எதிர்நோக்கினர். ஒட்டு லயத்து வீட்டில் ஏழு பேரை வளர்த்தவர்க்கு வேறு வழியும் இல்லை. இன்று ஓரளவு ஊதியம் பெறுவோரும் அதே கணக்கைத் தொடர்வதில் ஒரு நேர்மைக் குறை உண்டென்பது என் கருத்து. பெற்றோர் தம் முதுமையின் பங்கைச் செலவிட்டுவிட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு பிள்ளைமேல் விழுகிறது. அக்கடனில் பிள்ளை கையொப்பம் இட்டதில்லை. அன்பினால் தாங்குவது ஒன்று. வேறு போக்கின்றித் தாங்குவது மற்றொன்று.

மகளின் மேற்படிப்புக்காகச் சேமநிதியில் கைவைக்கும் தந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. அவர் வீணாக்கவில்லை; முதியவரின் பங்கை மகளின் பங்கோடு சேர்க்கிறார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எடுத்த தொகை எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதை அம்மகளிடம் முன்னரே சொல்லிவிட்டு எடுப்பது நன்று. நம் வீடுகளில் எளிதாக நடக்கக்கூடிய பேச்சன்று அது.