திறவுகோல் யாரிடம்?

பூட்டு எதற்காக? களவைத் தடுப்பதற்காக என்று உடனே விடை கூறுவோம். ஆனால், பூட்டியவரே திறக்க இயலாதவாறு ஒரு பேழை பூட்டப்பட்டுவிட்டால், உள்ளே இருக்கும் பொருள் காக்கப்பட்டதா, அழிக்கப்பட்டதா? முன்னாளில் இது வெறும் விடுகதை. கணிப்பொறி நம் இல்லங்களிலும் பங்கு அலுவலகங்களிலும் இடம்பெற்றுவிட்ட இந்நாளில், இது அறநெறி சார்ந்த வினாவாகவே நம்முன் எழுகின்றது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டிய பெருமழையை நாம் எளிதில் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மிகுதியான மழை பெய்தது. இத்தகைய வெள்ளத்திலோ, மின்னழுத்தம் ஏறி இறங்குவதாலோ ஒரு கணிப்பொறி செயலிழக்கிறது என்று கொள்வோம். பழுது பார்ப்பவர் வன்தட்டை மீட்டு, விண்டோஸ் இயக்க அமைப்பை அதில் புதிதாக நிறுவித் தருகிறார். நிலப்பத்திர நகல்கள், சங்கக் கணக்குகள், கப்பலில் பணிபுரியும் மகன் அனுப்பிய கடிதங்கள் ஆகிய எல்லாக் கோப்புகளின் பெயர்களும் வரிசையாகத் தெரிகின்றன. திறக்க முயன்றால், அனுமதி இல்லை என்ற ஒரே விடை வருகிறது. எப்போதோ ஒருநாள் பாதுகாப்பு கருதி அக்கோப்புகள் மறைக்குறியீடாக மாற்றப்பட்டிருந்தன.

'அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுக்கிறேனே, ஏன் திறக்கவில்லை?' என்று உரியவர் கேட்கிறார். விண்டோஸ் 2000 முதல் வழங்கப்பட்டுவரும் கோப்பு மறையாக்க முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் தனித் திறவுகோல் உண்டு. அத்திறவுகோல் மற்றொரு திறவுகோலால் பூட்டப்படுகிறது. அந்த இரண்டாவதைப் பயனரின் கடவுச்சொல் காத்து நிற்கிறது. அமைப்பைப் புதிதாக நிறுவும்போது, பெயர் பழையதே ஆயினும், கணிப்பொறியின் கணக்கில் அவர் புதிய ஆள். அவருக்கு வேறு அடையாள எண், வேறு திறவுகோல்கள். பழைய பயனர் கோப்புறையும் பழைய கடவுச்சொல்லும் எஞ்சியிருந்தால், வல்லுநர் மீட்டுத் தரக்கூடும். ஆகவே, பழுதுற்ற வன்தட்டின்மீது எதையும் எழுதாமல், முதலில் அதனை முழுமையாக நகலெடுத்துக்கொள்வதே அறிவுடைமை. பழைய திறவுகோல் அழிந்து, அதன் நகலும் எங்கும் இல்லையெனில், அதனை உருவாக்கிய நிறுவனத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது.

இங்கே கணிப்பொறியை நொந்துகொள்வதில் பயனில்லை. அது தனக்கு இடப்பட்ட கட்டளையை இறுதிவரை காத்தது. உரியவரின் கண்ணீரைக் கண்டு இளகும் பூட்டு, திருடனின் நடிப்புக்கும் இளகும். இரக்கத்தைப் பூட்டினிடம் எதிர்பார்க்க முடியாது. பூட்டும் மனிதர்தாம் முன்கூட்டியே அதற்கு வழிசெய்ய வேண்டும்.

வழிசெய்வது எவ்வாறு? விண்டோஸ் 2000 தனிக்கணிப்பொறிகளில் நிர்வாகிக்கு ஒரு மீட்புத் திறவுகோலைத் தானாகவே வழங்கியது. நல்ல எண்ணந்தான். ஆனால் அத்திறவுகோல் அதே பெட்டிக்குள் இருந்தமையால், கணிப்பொறியைக் கவர்ந்து சென்றவனும் நிர்வாகியாக மாறிக் கோப்புகளைத் திறக்க இடமுண்டாயிற்று. 2001இல் வெளிவந்த எக்ஸ்பி அவ்வாறு தானாக வழங்குவதைக் கைவிட்டது. அதன்பின் திருடனுக்குக் கதவு அடைபட்டது, மறதிக்காரருக்கும் அடைபட்டது. இரண்டாம் திறவுகோல் வேண்டும். ஆனால் அது வேறிடத்தில், நம்பத்தக்க வேறொருவரிடம் இருக்கவேண்டும் என்பதே இவ்விரண்டு அனுபவங்களும் கற்பிக்கும் பாடம்.

இவ்வுண்மைக்கு நம் கடற்கரையின் வரலாறே சான்று. முத்துக்குளித்துறை மக்களுக்காக அன்றிக் அடிகளார் தமிழில் ஆக்கிய 'அடியார் வரலாறு' 1586இல் அச்சேறியது. காலப்போக்கில் இம்மண்ணில் அந்நூல் மறைந்துபோயிற்று. தொலைவில், வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி தங்கியிருந்தமையால் அன்றோ, 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அதனை மீண்டும் பதிப்பிக்க முடிந்தது! அப்போதும் படி ஒன்று கிடைத்ததோடு பணி முடிந்துவிடவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும், எகர ஏகார வேறுபாடும் இல்லாத பழைய எழுத்தை இராசமாணிக்கம் அடிகள் போன்ற அறிஞர் படித்துத் தரவேண்டியிருந்தது. எழுத்தைப் படிக்கும் அறிவும் ஒரு திறவுகோலே.

'எல்லாவற்றுக்கும் இன்னொருவரிடம் திறவுகோல் கொடுத்துவிட்டால் இரகசியம் என்று ஒன்று இருக்குமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா மறைவும் ஒரே தன்மையுடையது அன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் வெளியிடலாகாது. அது அவரோடு மறையவேண்டியது. அதற்கு இரண்டாம் திறவுகோல் இல்லை, இருக்கவும் கூடாது. மறைமாவட்டத்தின் இரகசிய ஆவணக் காப்பகமோ வேறு வகை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அதன் திறவுகோல் ஆயரிடம் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறது. அத்தோடு நில்லாமல், ஆயர் பீடம் காலியாகும்போது, உண்மையான தேவை ஏற்பட்டால் மறைமாவட்ட நிர்வாகி தாமே அதனைத் திறக்கலாம் என்றும் வகுத்துள்ளது. கடுமையான மறைவைக் கோரும் அதே சட்டம், திறவுகோலை வைத்திருப்பவர் ஒருநாள் இல்லாமற்போவார் என்பதையும் நினைவில் கொண்டுள்ளது.

ஆகவே, ஒன்றைப் பூட்டுமுன் நாம் கேட்கவேண்டியது: இது அழிந்தால் இழப்பு யாருக்கு? நமக்கு மட்டும் உரிய நாட்குறிப்பு என்றால், அதனை நம்மோடு மறையவிட நமக்கு உரிமையுண்டு. திருமணப் பதிவேடு, விசைப்படகின் கடன் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ், கைம்பெண்ணாகக்கூடிய மனைவிக்குத் தேவைப்படும் காப்பீட்டுத் தாள் ஆகியவை அத்தகையன அல்ல. இவற்றுக்கு நாம் காவலர்களே. நம் கைத் திறவுகோலை மட்டும் நம்பி இவற்றைப் பூட்டுகிறவர், தாம் என்றும் இருப்போம் என்று எண்ணுகிறார். 'யாரை நம்பிக் கொடுப்பது?' என்ற தயக்கம் நமக்குள் எழுமாயின், குறை பூட்டில் இல்லை. நம் உறவுகளில் இருக்கிறது. அதனையும் நாம் ஆராய்ந்து பார்ப்பது நன்று.

இன்று பல புதிய கணிப்பொறிகள் நாம் கேளாமலேயே வன்தட்டைப் பூட்டிக்கொள்கின்றன. பிட்லாக்கர் எனும் அப்பூட்டுக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் உண்டு. அந்த எண்ணை இன்றே தேடி, தாளில் எழுதி, ஒரு படியை வீட்டிலும், மற்றொரு படியை வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் நம்பிக்கைக்குரிய உறவினரிடமும் வைப்போம். எங்கே வைத்தோம் என்பதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவைப்போம்.