நிலத்தில் இருக்கத் தெரிந்த கால்

ஒரு கருவியைக் கண்டுபிடிக்க முதலில் என்ன வேண்டும் என்று கேட்டால் படிப்பு என்பார்கள், அடுத்ததாகப் பணம் என்பார்கள். ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் காலின் கதை தெரிந்தவர்கள் அவ்வளவு கெதியாகப் பதில் சொல்லமாட்டார்கள்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர் பி. கே. சேத்தி. கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டு முறையிலான செயற்கைக் கால் பொருத்தி அனுப்புவார். கொஞ்சக் காலத்தில் பலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஊன்றுகோலைப் பிடித்தார்கள். காலில் பழுதில்லை. சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருக்கிற மனிதருக்காகச் செய்த கால் அது. வெறுங்காலோடு வயலில் இறங்கி, கிணற்றடியில் குந்தி, கோயிலில் சம்மணம் கட்டுகிறவருக்கு அது எதற்கு?

அதே ஆஸ்பத்திரிக்குத் தொழுநோயாளருக்குக் கைவேலை பழக்க வந்தவர் ராமச்சந்திர சர்மா. படித்தது நாலாம் வகுப்பு. லொறி ரயருக்கு இறப்பர் சுட்டு ஒட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாம். 1968ஆம் ஆண்டளவில் இருவருமாக உருவாக்கிய பாதத்தில் உள்ளே மரமும் நுண்துளை இறப்பரும், வெளியே தோல் நிறத்தில் சுட்டெடுத்த இறப்பர். சப்பாத்துத் தேவையில்லை, தண்ணீருக்கும் பயமில்லை. மடங்கும், குந்தும், மேடு பள்ளத்துக்குச் சரியும். அதற்குக் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. அதனால்தான் 1980களிலேயே யாழ்ப்பாணத்திலும் அந்தக் காலைச் செய்யத் தொடங்க முடிந்தது.

மிதிவெடியும் ஷெல்லும் எத்தனை கால்களைக் கொண்டுபோயின என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பரந்தன் பக்கம் வயல் வரம்பில் ஒருவரைக் கண்டேன். வாய்க்காலில் காலை விட்டு, விரல் இடுக்குச் சேற்றைச் சுள்ளியால் நோண்டிக்கொண்டிருந்தார். குதியில் கிறவல் தேய்த்த இடத்தில் ஒரு ஒட்டு. "சைக்கிள் கடையிலை ரியூப் துண்டு வைச்சு ஒட்டினது, தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போயிடும்." பாரமா அண்ணை என்றேன். "பாரமில்லை. சேத்துக்குள்ளை புதைஞ்சால் எடுக்கத்தான் கொஞ்சம் பாடு."

அந்த ஒட்டும் என் கணக்கில் கண்டுபிடிப்புத்தான்.

பாவிக்கிறவரைப் பார்த்துச் செய்கிற இந்தக் கவனிப்பு மிருகங்கள் விஷயத்தில் இன்னும் கூட வேண்டும். மிதிவெடியில் பாதம் இழந்த பின்னவலை யானை சமா, எங்கே நோகிறது என்று யாருக்குச் சொல்லும்? ஜெய்ப்பூரிலேயே தபேஷ் மாத்தூர் என்ற கால்நடை வைத்தியர் மாடு கன்றுகளுக்குக் கால் செய்து பூட்டுகிறார். வாய் பேசாத நோயாளி எப்படிப் படுக்கும், எப்படி எழும்பும் என்று பக்கத்தில் இருந்து பார்க்காமல் அந்த வேலை நடக்காது.

ஜெய்ப்பூர்க் காலுக்காக 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவுக்கு இல்லை. சேத்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கைவேலைக்காரர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட சத்திரசிகிச்சை நிபுணர்கள் எத்தனை பேர்? ஆனால், 'பெயர் யாருக்குப் போனால் என்ன, சனத்துக்குப் பயன்பட்டதே' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். பெயர் கிடைத்தவர்களே பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள். எங்கள் ஊரில் ஓ.எல். தவறிய பிள்ளை வெல்டிங் பழகப் போனால் "அவன் படிப்பு ஏறாதவன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சர்மா பரந்தனில் பிறந்திருந்தால் அவரையும் அப்படித்தான் முடித்திருப்போம்.

கிளிநொச்சியில் அடுத்தமுறை செயற்கை உறுப்புத் திட்டம் ஒன்றைப் பேசக் கூடுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. வைத்தியருக்குப் பக்கத்துக் கதிரையில் சந்தி வெல்டிங் கடைப் பொடியன் ஒருவனையும், கால் பூட்டி வயல் செய்கிற ஒருவரையும் இருத்துங்கள். அன்றைய கூலியைக் கொடுங்கள். செய்து முடிந்த பொருளில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.