மருத்துவர்களைத் திருப்பியனுப்பிய பீஷ்மர்

பத்தாம் நாள் போரில் வீழ்ந்து அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மரிடம், அம்புகளைக் களைவதில் தேர்ந்த மருத்துவர்களைத் துரியோதனன் அழைத்து வந்தான். பிதாமகரோ, அவர்களுக்கு உரிய மரியாதை செய்து அனுப்பிவிடுமாறு கூறினார். ஆயினும் அவர் தம் உயிரை உடனே போக்கிக்கொள்ளவில்லை. உத்தராயணம் வரும்வரை காத்திருந்தார். சிகிச்சையை மறுப்பது வேறு. உயிரை மாய்ப்பது வேறு.

இந்த நுட்பமான வேறுபாடு, இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இதயம் நின்றுவிட்டால், மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் அதை மீண்டும் இயக்க முயலத்தான் வேண்டுமா? அம்முயற்சியில் முதியவரின் விலா எலும்புகள் முறியக்கூடும். இதயம் மீண்டும் துடித்தாலும் நோய் அப்படியே இருக்கும். பயன் தராத நிலையில் இதனைத் தவிர்ப்பதற்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வெளியிட்டது. தவிர்க்கப்படுவது இந்த ஒன்று மட்டுமே. வலி தணிக்கும் மருந்தும் பிற பராமரிப்பும் தொடர வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் நடைமுறைகளை எளிமையாக்கியது. அதைச் செயல்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வெளியிட்டது. உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள இரண்டு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை.

எனினும் சட்டத்தால் மனத்தைச் சோதிக்க இயலாது. செலவு தாளாமையும் சொத்தின் மீதுள்ள ஆசையும் 'கண்ணியம்' என்ற பெயரில் வரக்கூடும். இதற்கு மறுபுறமும் உண்டு. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில், பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியோர் தனித்து வாழ்வதைக் காண்கிறோம். 'எது வேண்டுமானாலும் செய்யுங்கள், டாக்டர்' என்று தொலைபேசியில் கெஞ்சும் மகனின் குரலில் அன்பும் இருக்கிறது. அருகில் இல்லாத குற்ற உணர்வும் இருக்கிறது. அந்த உணர்வின் பாரத்தைத் தாயின் மார்பு தாங்க வேண்டுமா? நமது துன்பத்தைத் தணிக்க முனைகிறோமா, நோயாளியின் துன்பத்தையா என்பதே உரைகல்.

பீஷ்மர் தம் விருப்பத்தைத் தாமே கூறினார். ஆகவே சுற்றியிருந்தோர் ஐயத்தில் தவிக்கவில்லை. நினைவிழந்த பின் நம்மால் பேச இயலாது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்று, நம் விருப்பத்தை எழுதிவைக்க இன்று வழியுண்டு. உடல்நலத்துடன் இருக்கும்போதே பிள்ளைகளை அமர்த்தி இதைப் பேசுவது அமங்கலம் அன்று; அவர்களுக்கு நாம் செய்யும் கடைசிக் கருணை.